மூன்று மாத அட்வான்ஸ் என்கிறது சட்டம், பத்து மாதம் கேட்கிறது சென்னை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு விலை உயர்வு பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சதுர அடி என்ன விலை, எந்தப் பக்கம் மனை வாங்கலாம், வீட்டுக் கடனுக்கு என்ன வட்டி என்று எல்லாம் இருந்தது. வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்களுக்கு இந்த விலை ஏற்றம் சதுர அடிக் கணக்கில் தெரிவதில்லை. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்காரர் கூப்பிட்டுப் பேசும்போதுதான் தெரிகிறது.

2013ல் நங்கநல்லூரில் 7,500 ரூபாய் வாடகைக்குக் குடிபோனோம். 2016 செப்டம்பரில் விமான நிலையம் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது. அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, "மெட்ரோ வந்திருச்சும்மா, வெளியில விசாரிச்சுப் பாருங்க" என்று ஒரேயடியாக 2,000 ஏற்றினார்கள். 14,000 ஆனபோது எங்களால் முடியவில்லை. 2022ல் கூடுவாஞ்சேரிக்கு வந்தோம். கணவருக்குக் கிண்டியில் வேலை, போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சரி, வாடகை 8,500தானே என்று பொறுத்துக்கொண்டோம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தது. இப்போது அதே வீட்டுக்கு 12,000. ரயிலும் பேருந்தும் வருவது ஊருக்கு நல்லது, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் மக்கள் வரிப்பணத்தில் ஒரு வசதி வந்த மறு வருடமே, அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள் அந்த இடத்தை விட்டுத் தள்ளிப்போக வேண்டியிருக்கிறது.

தென்காசியில் என் தங்கை இருக்கிறாள். அரிசி, எண்ணெய், பருப்பு விலையை போனில் பேசிப் பார்த்தால் அங்கேயும் இங்கேயும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் வீட்டில்தான். இது அரசுக்கும் தெரியும். மத்திய அரசு ஊழியர்களுக்கு ஊரைப் பார்த்துத்தான் வீட்டு வாடகைப் படி கொடுக்கிறார்கள். 2024 ஜனவரியிலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் சென்னைக்கு 30 சதவீதம், கோவை, மதுரைக்கு 20, சின்ன ஊர்களுக்கு 10. என் கணவர் மாதிரி தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. அவருடைய கம்பெனியில் திருநெல்வேலிக் கிளைக்கும் இங்கேயும் ஒரே சம்பளம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அட்வான்ஸ் பற்றி. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 12,000 வாடகை என்றால் 1,20,000. மாதச் சம்பளக்காரரிடம் அந்தப் பணம் சும்மா இருக்குமா? நகையை வைத்துத்தான் புரட்டுகிறோம். வருடத்துக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தாலே மாதம் 1,200 ரூபாய். அதாவது வாடகையில் பத்தில் ஒரு பங்கை வட்டியாகத் தனியே கட்டுகிறோம். வாடகை 12,000 என்று ஒப்பந்தத்தில் இருக்கும், எங்கள் கையிலிருந்து போவது 13,200. காலி செய்யும்போதும் அந்தப் பணம் ஒழுங்காக வராது. நங்கநல்லூர் வீட்டுக்காரர் நான்கு மாதம் கழித்துத்தான் கொடுத்தார், அதிலும் பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் இங்கே குடிவர இரண்டாவது வளையலும் அடகுக்குப் போய்விட்டது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2017ல் நிறைவேறி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவும் சொல்கிறது. 2021ல் மத்திய அரசு மாநிலங்களுக்கு முன்மாதிரியாகக் கொண்டுவந்த வாடகைச் சட்டத்தில் குடியிருப்புக்கு இரண்டே மாதம்தான். ஆனால் நம் சட்டத்தில் 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர' என்று ஒரு வாசகம் இருக்கிறது. அது போதாதா? ஒப்பந்தத்தை எழுதுவது வீட்டுக்காரர். பத்து மாதம் என்று எழுதி நீட்டுவார், கையெழுத்துப் போடவில்லை என்றால் அந்த வீடு வேறு ஒருவருக்குப் போய்விடும். இதை இரண்டு பேரும் மனமொத்துச் செய்த ஒப்பந்தம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வாசகத்தை எடுத்தாலொழிய 11ஆம் பிரிவால் ஒரு குடும்பத்துக்கும் பயனில்லை.

கரன்ட் பில்லும் அப்படித்தான். 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எங்கள் வீட்டில் மூன்று குடித்தனம், ஒரே இணைப்பு, ஆளுக்கு ஒரு சப் மீட்டர். யூனிட் 9 ரூபாய் என்று வாங்குகிறார்கள். 250 யூனிட் ஓடினால் 2,250 ரூபாய். 2024 ஜூலை கட்டணப்படி, தனி இணைப்பு இருந்தால் இதே 250 யூனிட்டுக்கு 470 ரூபாய்தான். மூன்று குடித்தனமும் சேர்ந்து ஓடுவதால் வீட்டுக்காரருக்கு மேல் அடுக்குக் கட்டணம் விழும் என்பது உண்மை. அப்படி 750 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டாலும் யூனிட் 6 ரூபாயைத் தொடவில்லை. ஒரு சமையலறைக்கு ஓர் இணைப்பு என்று மின்வாரியம் கட்டாயமாக்கினால் இந்தப் பிரச்சினை தீரும்.

வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஓய்வு பெற்ற பலருக்கு வாடகைதான் வருமானம். 1960ஆம் வருடச் சட்டம் இருந்த காலத்தில், காலி செய்யாத குடித்தனக்காரரோடு வருடக்கணக்கில் வழக்கு நடத்தியவர்களை நானே பார்த்திருக்கிறேன். பத்து மாத அட்வான்ஸ் அந்தப் பயத்தில் வந்ததாக இருக்கலாம். ஆனால் புதுச் சட்டம் அவர்களுக்காகத் தனி வாடகை நீதிமன்றமே கொடுத்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பு வந்த பிறகும் அட்வான்ஸ் குறையவில்லையே.

வாடகை கொடுப்பதற்குச் சொந்தமாக வாங்கலாமே என்பார்கள். ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்கினால் முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்று வரியும் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்ச ரூபாய்க்குப் பத்திரம் போட்டால் அதற்கே 3,60,000 வேண்டும். அட்வான்ஸுக்கு நகை வைப்பவர்களிடம் அது ஏது?

எங்கள் தெருவில் விசாரித்த வரையில், வாடகை ஒப்பந்தத்தை, இந்தச் சட்டத்துக்காக அரசு வைத்திருக்கும் வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்பதே ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும், முறையிட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது என்ற பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். 11ஆம் பிரிவை அப்படியே தமிழில் அச்சிடுங்கள். எந்த மாவட்டத்தில் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதையும் கூடவே போடுங்கள். இந்த மாதம் 30ஆம் தேதி எங்கள் ஒப்பந்தம் முடிகிறது. அதற்கு முன் வந்தால், பேச்சுவார்த்தைக்கு அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கூடுவாஞ்சேரி.