அரிட்டாபட்டி ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அரிட்டாபட்டி மக்களுக்கு,

வணக்கம். பெயர் எதுவும் போட்டுவிடாதீர்கள் என்று ஆட்டுக்கார ஐயா கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அதனால் பெயரில்லாமலே எழுதுகிறேன். படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரிந்துவிடும்.

மேலூரில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். வண்டியை எடுத்தால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இருந்தும் சென்ற பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைதான் உங்கள் மலையில் முதன்முதலாகக் கால் வைத்தோம். அப்பாவுக்குக் கழிஞ்சமலையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டைப் பார்க்க வேண்டும். மகளுக்குப் பறவைகள். எனக்குக் கொஞ்சம் நடந்தால் போதும்.

ஐயா, முதல் நன்றி உங்களுக்குத்தான். ஆனைகொண்டான் கண்மாயைத் தாண்டிச் செங்குத்துப் பாறைப் பக்கமாகத் திரும்பிய எங்களைத் தடுத்து நிறுத்தினீர்கள். வல்லூறு அடைகாக்கும் காலம், ஆள் நடமாட்டம் தெரிந்தால் கூட்டைவிட்டு எழுந்துவிடும், அப்புறம் முட்டை வெயிலில் கிடக்கும் என்றீர்கள். திருப்பி அனுப்பியதோடு விடவில்லை. ஆடுகளைப் பேரனிடம் ஒப்படைத்துவிட்டு, எதிர்ப் பாறைக்கு நீங்களே கூட்டிப் போனீர்கள். அங்கே பைனாகுலரோடு உட்கார்ந்திருந்த தம்பி, கேட்பதற்கு முன்பே அதை என் மகளின் கையில் கொடுத்தார்.

ஷாகின் வல்லூறு. கன்னத்தில் மீசைபோல இறங்கிய கருப்பு, செங்கல் நிற வயிறு, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். பிடித்து வந்த புறாவை விளிம்பில் வைத்து இறகு பிய்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் இறகும் வெயிலில் மினுங்கியபடி மெல்லக் கீழே இறங்கியது. மகள் மூச்சு விடவும் மறந்து பார்த்தாள். லகர் வல்லூறும் ராசாளியும்கூட இங்கே உண்டு, 250 வகைப் பறவைகள் வரை இருக்கின்றன என்று தம்பி விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். அவ்வளவையும் அவள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

இறங்கும்போதுதான் அப்பாவின் செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு அவரால் நடக்க முடியாது. சர்க்கரை நோய் உண்டு. ஐயா மடியிலிருந்து பனை நார் எடுத்து, பல்லால் கிழித்து, இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை. அப்பா அவிழ்க்கவும் விடவில்லை.

குடைவரைக் கோயிலருகே வரும்போது இருட்டிவிட்டது. விறகுக் கட்டோடு வந்த அக்காமார் இருவர் எங்கள் நடைக்குத் தக்கபடி மெதுவாக நடந்து, டார்ச் அடித்துக் கூடவே வந்தார்கள். மண்பாதையில் இரண்டு சிவப்புப் பொறிகள் தெரிந்தன. இரவில் திரியும் பக்கிப் பறவை! காய்ந்த சருகுபோல அசையாமல் உட்கார்ந்திருந்து, நாலடி நெருங்கியதும் சத்தமே இல்லாமல் எழுந்து போனது. அதைப் பார்த்ததும் வெளிச்சத்தைத் தரைக்குத் தாழ்த்திய அந்த அக்காவின் கையை நான் மறக்கவே மாட்டேன்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர், தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் உங்கள் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. அதை எதிர்த்து நீங்கள் பிள்ளைகுட்டிகளோடு தெருவில் நின்றீர்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தப் போராட்டத்தின்போது நாங்கள் மேலூரில் கடையை அடைத்ததோடு சரி. நீங்கள் நின்றதால்தான் என் மகளுக்கு அந்த மாலை கிடைத்தது. இதை நேரில் சொல்ல அன்று வாய் வரவில்லை.

கண்மாய்க்கரை வீட்டு அப்பத்தா, நீங்கள் சொம்பில் தந்த தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் தொண்டையில் இருக்கிறது.

அக்காமார்களே, வண்டி வரை வந்து வழியனுப்பிய அவசரத்தில் உங்கள் டார்ச் எங்கள் பையிலேயே தங்கிவிட்டது. புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறோம். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கண்மாய்க்கரைக்குக் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
மேலூரிலிருந்து மூவர்