பொது மன்றங்களின் சுவர்களை உள்ளூர் ஓவியர்களுக்குத் திறந்துவிடுக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறக்கட்டளைகளும் பதிவுபெற்ற சங்கங்களும் இலாப நோக்கின்றி நடத்திவரும் சமுதாயக் கூடங்கள், வாசகசாலைகள், முதியோர் மன்றங்கள் ஆகியவற்றின் சுவர்களில் அந்தந்த ஊர்க் கலைஞர்களின் படைப்புகளை மாதம் ஒரு முறையோ ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறையோ மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் நம் மாவட்டங்களில் வேரூன்ற வேண்டும் என்பதையும், அதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியவற்றையும் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

சென்னைக்கு இது புதிதல்ல. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். இன்று அங்கே நிரந்தரத் தொகுப்பைக் கொண்ட அருங்காட்சியகத்தோடு, வெளிக் கலைஞர்கள் சில நாள்களுக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய காட்சிக்கூடங்களும் இருக்கின்றன. அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு 1996இல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ராவிலும், பழைய வீடுகளும் கைவினைக் கூடங்களும் தவிர, மாறிவரும் கண்காட்சிகளுக்கென்றே வரிஜா, காதம்பரி என்ற கலைக்கூடங்கள் உள்ளன. ஆனால் இவை யாவும் கும்பகோணத்துக்காரருக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. சட்டமிட்ட இருபது படங்களை வேனில் ஏற்றிச் சென்று, ஒரு வாரம் அறையெடுத்துத் தங்கி, காட்சிக்கூடத்துக்கு வாடகையும் கட்டி, விற்காதவற்றை மறுபடி வேனில் ஏற்றிக்கொண்டு வருவதற்கு ஆகும் செலவு, பகுதிநேரச் சம்பளத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிக்கும் ஒருவரால் தாங்கக்கூடியது அல்ல. அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கென 2012இல் நியமிக்கப்பட்ட 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் ஓவியம் கற்பிப்போர், மாணவர்களின் நோட்டுகளைத் திருத்துவதோடு தம் தூரிகையை மறந்துபோகாமல் இருக்க ஏதேனும் ஒரு காரணம் வேண்டாமா?

எங்கள் கும்பகோணத்தில் வரைபவருக்குப் பஞ்சமில்லை. அரசு கவின் கலைக் கல்லூரி இங்கேயே இருக்கிறது. அதில் படித்து வெளிவரும் இளைஞர்கள் கல்லூரிக் காட்சிக்குப் பிறகு தம் படங்களைத் தொங்கவிட ஊரில் ஒரு சுவரைக் காண்பதில்லை. பக்கத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டையில், கோயில் தேருக்கும் மண்டபத்துக்கும் தொம்பை என்னும் துணித் தொங்கல்களையும் விதானத் துணிகளையும் கையால் சாயமிட்டு எழுதும் கலம்காரிக் குடும்பங்கள் இருக்கின்றன. இவர்கள் எழுதும் கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தவர்கள் பலர். அந்தத் துணியை நின்று நிதானித்து, கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தவர்கள் சிலர்தாம். இவர்களோடு இன்னொரு கூட்டத்தாரையும் நான் சேர்த்துச் சொல்வேன். ஃபிளெக்ஸ் அச்சு வருவதற்கு முன்பு கடைப் பெயர்ப்பலகைகளையும் திரையரங்குப் பேனர்களையும் கட்சிச் சுவரெழுத்துகளையும் கையால் எழுதிக்கொண்டிருந்தவர்கள், இன்று கட்டடங்களுக்குச் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடிக்கப் போகிறார்கள். கட்டமிட்டுப் பத்தடி முகத்தை அளவு பிசகாமல் பெரிதாக்கும் அவர்களின் திறன் எந்தக் கல்லூரிச் சான்றிதழுக்கும் குறைந்ததன்று. உள்ளூர்க் கண்காட்சி என்று ஒன்று நடந்தால் அதன் முதல் முறையை அவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது நம் ஊர்களில் கண்காட்சி என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் மூன்று நாள் விழாவாகவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார்; குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிவதற்குள் இரண்டு மணி நேரம் கழிந்துவிடும்; அதுவரை பார்வையாளர்கள் படங்களுக்கு முதுகைக் காட்டியே அமர்ந்திருப்பார்கள். திங்கள்கிழமை செய்தித்தாளில் படம் வரும்போது கூடத்தில் சட்டங்களைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். பேனர், தேநீர், பொன்னாடை ஆகிய செலவுகளையும் ‘இடம் இலவசமாகத்தானே தந்தோம்’ என்று சொல்லி ஓவியரின் தலையிலேயே கட்டும் மன்றங்களும் உண்டு. திறப்பு விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அரை மணி நேரம் போதும். நான்கு அல்லது ஆறு வாரங்கள் படம் சுவரில் இருந்தால்தான், யோகா வகுப்புக்கும் மருத்துவ முகாமுக்கும் மாலை நேரப் பாடத்துக்கும் வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள். ‘இந்த ஊரில் ஓவியம் பார்க்க யார் வருவார்கள்?’ என்று கேட்கும் நிர்வாகிகளுக்கு இதுவே பதில். யாரும் ஓவியத்துக்கென்று வர வேண்டியதில்லை. வேறு வேலையாக வருகிறவர்கள் ஏற்கெனவே தினந்தோறும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்படியானால் நிரந்தரமாகவே மாட்டிவிடலாமே என்று தோன்றலாம். மாற்றிக்கொண்டே இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. நம் மன்றங்களின் சுவர்களில் நன்கொடையாளர் கல்வெட்டும் தலைவர்களின் படங்களும் வரிசையாக இருக்கின்றன. அவற்றை ஏறிட்டுப் பார்ப்பவர் எவருமில்லை, ஏனெனில் அவை என்றும் அங்கேயே இருப்பவை. ஓராண்டில் எட்டுப் பேருக்கோ பத்துப் பேருக்கோ வாய்ப்புக் கிடைப்பதும் சுழற்சியால்தான் முடியும். இவற்றைவிடப் பலர் அறியாத காரணம் ஒன்று இருக்கிறது. காகிதத்தில் வரைந்த நீர்வண்ணமும் இயற்கைச் சாயமேற்றிய துணியும் வெளிச்சத்தில் நிறம் வெளுப்பவை. அருங்காட்சியகங்கள் இத்தகையவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான ஒளியையே அனுமதிக்கின்றன, எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் வரை விடுகின்றன. மேற்குச் சன்னல் வெயில் நேராக விழும் கூடத்தில் ஒரு கலம்காரித் துணியை ஆண்டுக்கணக்கில் தொங்கவிடுவது அதைக் கெடுப்பதாகவே முடியும்.

செய்முறையில் பெரிய செலவில்லை. படத்துக்குப் படம் ஆணி அடித்தால் ஓராண்டில் சுவர் சல்லடையாகிவிடும். ஆகவே கூரையை ஒட்டி ஓர் அலுமினியக் கம்பியைப் பொருத்தி, அதிலிருந்து கொக்கியும் கம்பி வடமும் தொங்கவிட்டால் எந்த அளவுப் படத்தையும் மாட்டலாம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தை ஒட்டி இருந்தால் நிற்பவர் கண்ணுக்கு இதமாக இருக்கும். காவிரிப் படுகையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் குடிக்கும் என்பதால், அந்த மாதங்களில் காகிதப் படைப்புகளைத் தவிர்த்து உலோகம், மரம், சுடுமண் ஆகியவற்றை வைக்கலாம். சுவாமிமலைச் சிற்பிகளையும் நாச்சியார்கோயில் விளக்கு வார்ப்பவர்களையும் அழைக்க அதுவே ஏற்ற பருவம்.

பணத்தையும் உரிமையையும் பற்றித்தான் மன்றங்கள் தெளிவாக இருக்க வேண்டும். வணிகக் கலைக்கூடங்கள் விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கழித்துக்கொள்வது வழக்கம். அவை முதல் போட்டு நடத்துபவை, அதில் குறை சொல்ல முடியாது. பொதுநல மன்றம் அந்த வழக்கத்தைப் பின்பற்றக் கூடாது. மாட்டுவதற்குக் கட்டணம் வாங்காமல், விற்றால் மட்டும் பத்தில் ஒரு பங்கு பெற்றுக்கொள்வது நியாயமாக இருக்கும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ஏற்றி இறக்குவது யார், கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு, விற்காதவற்றை எப்போது திருப்பித் தருவது என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. இன்னொன்றையும் அந்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பிறர் கூலி கொடுத்து வரையச் சொல்லாமல் ஓவியர் தாமாக வரைந்த படத்தைப் படியெடுக்கும் உரிமை, எழுத்து வழியாக மாற்றித் தரப்படாத வரை, படம் விற்ற பின்பும் அவரிடமே இருக்கிறது. மன்றத்து நாள்காட்டியிலோ ஆண்டுமலரிலோ அதை அச்சிடுவதற்கு அவர் அனுமதி தேவை. அவர் பெயரையும் போட வேண்டும்.

யாருக்கு முறை கொடுப்பது என்பதை நிர்வாகக் குழு மட்டும் தீர்மானித்தால், செயலாளரின் மருமகன் எடுத்த புகைப்படங்களே முதலில் ஏறும் என்று நான் சொல்வதற்காக நண்பர்கள் என்மேல் வருத்தப்படக் கூடாது. ஓர் ஓவிய ஆசிரியர், ஒரு கைவினைஞர், மன்றத்துக்கு வழக்கமாக வரும் ஒரு பொதுமக்கள் பிரதிநிதி ஆகிய மூவரை வெளியிலிருந்து சேர்த்து, ஓராண்டு அட்டவணையை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். 2028இல் மகாமகம் வருகிறது. அப்போது ஊருக்கு வரும் பல இலட்சம் பேர் முன் எங்கள் கலைஞர்கள் நிற்க வேண்டுமானால் அட்டவணை போடும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் இத்தகைய கண்காட்சிகளைத் திறப்பு நாளில் மட்டும் குறிப்பிடாமல், அவை நடைபெறும் காலம் முழுவதும், வாரம் ஒரு நாளாவது, திறந்திருக்கும் நேரத்தோடும் கலைஞர் பெயரோடும் ஓரிரு வரிகளில் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.