நோட்டை வாங்கி வாசித்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புடையீர்,

வணக்கம். கடந்த வாரம் நான் பட்ட பாடு உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் இதற்குள் யாரேனும் சொல்லியிருப்பார்கள். ஆகவே அதை மறுபடியும் விரிவாகச் சொல்லப் போவதில்லை: பழைய எழுத்துருக்களில் இருந்த என் கட்டுரைக் கோப்புகள் மாற்றும்போது சிதைந்துபோயின; விழா உரை, அச்சகக் கெடு எல்லாவற்றுக்கும் நடுவே அவற்றைக் கையெழுத்து நோட்டோடு ஒத்துப் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கட்டுரைத் தொகுப்பு முழுவதுமாக மீண்டுவிட்டது, அச்சுக்கும் போய்விட்டது என்ற செய்தியை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வு பெற்ற ஒருவருக்கு ஒரே வாரத்தில் இத்தனை ஊர்களும் இத்தனை கெடுக்களும் தேவைதானா என்று உரிமையோடு கடிந்துகொண்டவர்களுக்குப் பதில் சொல்ல இன்னும் தெம்பு வரவில்லை. நன்றி சொல்லத் தெம்பு இருக்கிறது.

அந்த நன்றியில் பெரும்பங்கு, இரவு ரயிலில் எதிர் இருக்கையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு உரியது. தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. மடிக்கணினியின் திரையையும் மடியில் விரித்திருந்த கையெழுத்து நோட்டையும் மாறி மாறிப் பார்த்து, வரி தப்பி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்த என்னை வெகுநேரம் கவனித்தவர், "ஐயா, நோட்டை என்னிடம் கொடுங்கள். நான் வாசிக்கிறேன், நீங்கள் திரையை மட்டும் பாருங்கள்" என்றார். அவர் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவராம். பேரேட்டையும் ரசீதுகளையும் ஒத்துப் பார்க்கும்போது ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பதுதான் அங்கே வழக்கம் என்றும், ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் தான் எதிர்பார்ப்பதையே கண் காணும் என்றும் விளக்கினார். அச்சகங்களில் மெய்ப்புப் பார்ப்பவர்களும் ஒரு காலத்தில் இப்படி இருவராக அமர்ந்துதான் வேலை செய்தார்கள்.

அவர் எவ்வளவு பெரிய உதவி செய்தார் என்பது, பழைய எழுத்துருக்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு எளிதில் விளங்கும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசு 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைத் தத்தம் விருப்பப்படி அமர்த்திக்கொண்ட எழுத்துருக்களில்தான் நம்மில் பலரும் தட்டச்சு செய்தோம். என் கட்டுரைகளில் பாதிக்கு மேல் அந்தக் காலத்தவை. பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மென்பொருளுக்கு 'மாற்றி' என்று பெயர்; ஓர் எழுத்துருவுக்கான மாற்றியில் மற்றொன்றைக் கொடுத்தால் வெளிவருவது தமிழ்போலத் தோன்றுமே தவிரத் தமிழாக இராது. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் நிற்கும். கொம்பு தன் எழுத்தை விட்டுவிட்டு அடுத்த வீட்டில் குடியேறியிருக்கும். இவற்றையெல்லாம் விழித்திருந்து ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். எந்த மென்பொருளும் முழுதாகப் பிடித்துக் கொடுக்காது.

பெட்டியில் விளக்குகள் அணைந்த பிறகு அவர் தம் கைப்பேசி வெளிச்சத்தை நோட்டின்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, உறங்குபவர்களுக்குக் கேட்காத குரலில் வாசித்தார். கால்புள்ளி, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி என்று எல்லாவற்றையும் சொன்னார். என் கிறுக்கலில் ழகரமா ளகரமா என்று ஐயம் வந்த இடங்களில் ஊகிக்காமல் நிறுத்திக் கேட்டார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு 'டிக்'. பணிக்காலம் முழுவதும் நான் வாசிக்கப் பிள்ளைகள் எழுதிய சொல்வதெழுதுதல் அன்று தலைகீழானது. வகுப்பின் கடைசி வரிசையில் திணறும் பிள்ளைக்கு வாசிப்பவரின் நிதானம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது இத்தனை வயதில் எனக்குப் புரிந்தது.

'ஔவை' என்று வந்த இடத்தில் அவருக்கு ஒரு சந்தேகம். அந்தச் சொல்லைக் கோப்பில் தேடிப் பார்க்கச் சொன்னார். தேடினேன், கண்ணெதிரே திரையில் இருக்கும் சொல், இல்லை என்று பதில் வந்தது. ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் அருகருகே நின்றிருந்தன. அச்சில் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். எழுத்துருக்களைப் பற்றி ஏதும் அறியாத அவர், கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும் உள்ளே இலக்கம் தவறியிருக்கலாம் என்ற தம் தொழில் ஐயத்தினாலேயே அதைக் கண்டுபிடித்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படிப்பை இடையில் விட்டுப் போன ஒரு மாணவனைப் பற்றிய கட்டுரையின் கடைசி வரியை வாசித்துவிட்டு, "அந்தப் பையன் திரும்பி வந்தானா ஐயா?" என்று கேட்டார். வந்தான் என்றேன். "அப்படியானால் அதை ஏன் எழுதவில்லை?" என்றார். சோகத்தோடு முடித்தால் கட்டுரை கனமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்த காலத்தில் எழுதியது அது. அவன் வந்த செய்தி இப்போது ஒரு வரியாக நூலில் இருக்கிறது.

மற்றவர்களையும் மறக்கவில்லை. என் உரையைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றிவிட்டு முகம் கோணாமல் வரவேற்ற விழாக் குழுவினர். 16 பக்கம் ஒரு பாரம் என்ற கணக்கில் முடிந்த பக்கங்களை அவ்வப்போது வாங்கி, கடைசிப் பாரத்துக்காக இயந்திரத்தை நிறுத்திவைத்த அச்சக நண்பர்கள். அணிந்துரை தாமதமானதைப் பொறுத்துக்கொண்ட கவிஞர். மாற்றிகளை அனுப்பி, தொலைபேசியிலேயே பொறுமையாகக் கற்பித்த பழைய மாணவர்கள். வீட்டில் தேடச் சொன்ன நோட்டுகளையெல்லாம் தேடிப் படமெடுத்து அனுப்பிய என் துணைவியார் ஆகிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்களில் ஒருவர் இல்லாதிருந்தாலும் நூல் இந்த மாதம் வந்திராது.

மீதமுள்ள பழைய கோப்புகள் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றி முடிக்கும் வரை புதிதாக எந்தக் கெடுவையும் ஒப்புக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்; ஒப்புக்கொள்ள வைக்க முயலாதீர்கள். அதோடு, கையெழுத்துப் படியையும் தட்டச்சுப் படியையும் வைத்துக்கொண்டு ஒத்துப் பார்க்கத் துணையில்லாமல் இருப்பவர்கள் யாராயினும், மாலை வேளைகளில் என்னை அழைக்கலாம். நீங்கள் திரையைப் பாருங்கள், நான் வாசிக்கிறேன்.

நன்றியுடன்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்