அழகன் பிலிப்பு எப்போ சார் நியாயவான் ஆனாரு?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

பழைய வண்ணாரப்பேட்டையிலேருந்து எழுதறேன். பாரிமுனையில ஒரு கடையில கணக்கு எழுதற வேலை, பேப்பர் படிக்கறது காலையில டீக்கடையிலதான். போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர்ல வந்த பிரான்ஸ் ராஜாக்கள் கட்டுரைய மட்டும் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துட்டு போனேன், ஏன்னா எம் பொண்ணு ப்ளஸ் ஒன்ல பிரெஞ்சு எடுத்திருக்கா, மார்க் நெறைய வரும்னு எல்லாரும் எடுக்கறாங்களே அந்த கதைதான். படிச்சிட்டு ஒரே சிரிப்பு. இன்னாடின்னு கேட்டா, "நியாயவான் பிலிப்புன்னு போட்டிருக்காங்கப்பா, ஆளு பாக்க நல்லா இருந்தான்னு வச்ச பேருப்பா அது"ங்கறா.

நோட்ட எடுத்து காட்டினா. பிரெஞ்சுல அந்த ராஜா பேரு பிலிப் லெ பெல். பெல்னா அழகன். இங்கிலீஷ்காரன் அத ஃபேர்னு மாத்திட்டான், ஃபேர்னா அழகும் ஆகும் நியாயமும் ஆகும், உங்க ஆளு இங்கிலீஷ பாத்து தமிழ் பண்ணி சரியா தப்பானத புடிச்சிட்டாரு. அந்த பிலிப்பு பண்ணத கொஞ்சம் பாருங்க சார். காசுல வெள்ளிய கொறச்சாரு, 1306ல யூதர்கள நாட்ட விட்டு தொரத்தி சொத்த புடுங்கினாரு, அடுத்த வருஷம் அக்டோபர் 13ந்தேதி டெம்ப்ளர்னு சொல்ற கிறிஸ்தவ துறவி வீரர்கள ஒரே நாள்ல வளைச்சு உள்ள தள்ளினாரு. இவரா நியாயவான்? எங்க தெரு கந்துவட்டிக்காரரே தேவல.

பட்டப்பேருன்னா அங்கயும் நம்ம காசிமேடு மாதிரிதான் போல. குண்டு லூயி, மொட்ட சார்லஸ், சண்டைக்கார லூயி, எல்லாம் நெசமாவே இருந்த ராஜாங்களாம். இதெல்லாம் தமிழ்ல சொன்னா எவ்ளோ நல்லா இருக்கு, அத விட்டுட்டு லூயி தி ஃபேட்னு எழுதறீங்க.

பேர மாத்தறதே தப்புன்னு நான் சொல்ல வரல. எங்க ராயபுரமே ராயப்பர் பேர்ல வந்ததுன்னு சொல்லுவாங்க, ராயப்பர்னா பீட்டர்தான். ரஷ்யா ராஜா மகா பீட்டர பிரெஞ்சுக்காரன் பியர்ங்கறான், எங்க ஏரியா கணக்குக்கு அவரு மகா ராயப்பர்!

ஆனா அதுலயும் கொழப்பம் இருக்கு. போன பரிட்சையில எம் பொண்ணு 1066ல இங்கிலாந்த புடிச்ச வில்லியம வில்லியம்னே எழுதிட்டா, அர மார்க் போச்சு, பிரெஞ்சுல கியோம்னுதான் எழுதணுமாம். சரி, ஆளு பிரான்ஸ்ல இருக்கற நார்மண்டிக்காரரு, பேசினதும் பிரெஞ்சு, ஒத்துக்கலாம். அப்போ இப்ப இருக்கற இளவரசர் வில்லியம்? அவரு பிரெஞ்சு பேப்பர்லயும் வில்லியமேதான். ஸ்பெயின்ல பழைய ராஜா ரெண்டாம் ஃபெலிப்பே பிரெஞ்சுல பிலிப், இங்கிலீஷ்லயும் பிலிப், இப்ப இருக்கற ஆறாம் ஃபெலிப்பேவ இங்கிலீஷ்காரன் அப்படியே ஃபெலிப்பேன்னு உட்டுட்டான். பழைய ஆளுன்னா மாத்தறது, புது ஆளுன்னா கை வைக்கறதில்ல, இதான் வழக்கமாம். அதுலயும் போய் சேர்ந்த எலிசபெத் ராணிக்கு மட்டும் பிரெஞ்சுல இசட்ட எடுத்துட்டு எஸ் போட்டும் எழுதுவாங்களாம், புது ஆளு தானே அவங்களும்?

நம்பர்ல வேற ஒரு கூத்து. நம்ம நாலாம் ஹென்றிங்கறோம், பிரெஞ்சுக்காரன் ஹென்றி நாலுங்கறான், பஸ் நம்பர் மாதிரி. மொதல்ல வந்தவருக்கு மட்டும்தான் முதலாம்.

நான் கேக்கறது இதுதான் சார். ராஜா எந்த ஊரோ அந்த ஊர்ல அவர என்ன சொன்னாங்கன்னு ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் தமிழ் பண்ணுங்க. லூயிக்கு பிரச்சன இல்ல, ரெண்டு பக்கமும் லூயிதான். மத்தவங்களுக்கு பிரெஞ்சு பேரோ இங்கிலீஷ் பேரோ, ஏதாவது ஒண்ண வச்சுக்கோங்க. அதே கட்டுரையில மேல முதலாம் பிரான்சிஸ், கீழ முதலாம் பிரான்சுவா, ரெண்டும் ஒரே ஆளு! டீக்கடையில பக்கத்துல ஒக்காந்திருந்த பெரியவரு, இவங்க அண்ணன் தம்பியான்னு எங்கிட்ட கேக்கறாரு, நானும் ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

திருத்தம் போடறதா இருந்தா எந்த கெழம வரும்னு சொல்லுங்க, எம் பொண்ணு அத வெட்டி பிரெஞ்சு நோட்டுல ஒட்டணுமாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை