சன்ரூஃப் கேட்ட மகனுக்கு

கோவில்பட்டி,
வியாழக்கிழமை இரவு.

அன்புள்ள தம்பி சரவணனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். போன வாரம் அக்காவும் பிள்ளைகளும் வந்து போனார்கள். மூத்தவனுக்கு முன்பல் விழுந்திருக்கிறது, சிரித்தால் அப்படியே ஆச்சி. ஓசூரில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? ராத்திரி ஷிப்டுக்குத் தலையில் துண்டு கட்டாமல் போகாதே. காதில் காற்று போனால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசினால் நீ நாலு தடவை 'ம்' என்கிறாய். சாத்தூர் போய்வந்த பிறகு அந்த 'ம்'மும் குறைந்துவிட்டது. இன்றோடு பத்தொன்பது நாள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அக்காவிடம் சொன்னாயாம். சந்தோஷம். எங்களுக்கும் பிடித்திருக்கிறது. அந்தப் பெண் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். அம்மாவுக்கு அதுவே போதுமாம்.

பருப்புப் பொடி ஒரு டப்பா, கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட் இதோடு வருகின்றன. மிட்டாயை அறையில் இருப்பவர்களுக்கும் கொடு. போன தடவை மாதிரி ஒளித்து வைத்து எறும்புக்குக் கொடுக்காதே.

உன் போனைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும் என்று தீபாவளிக்கு வந்தபோதே நினைத்தேன். விலையை அல்ல. தவணை இன்னும் பதினாலு மாதம் இருப்பதை அத்தான் சொல்லிவிட்டார். நான் கேட்க நினைத்தது அதன் உறையைப் பற்றி. கீழே விழுந்து உடையாமல் இருக்கத்தானே உறை? அதன் முதுகில், கடித்த ஆப்பிள் தெரிவதற்கென்றே அளவெடுத்து ஒரு வட்ட ஓட்டை போட்டிருக்கிறார்கள். நகைக்கடைக் கண்ணாடி முன் நின்று நீ படம் எடுத்தபோது, அந்த ஓட்டையை விரல் மறைக்காமல் பிடித்திருந்ததைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. குறை சொல்லவில்லை, தம்பி. நம் வம்சத்துக்கே அந்த விரல் உண்டு.

ஆச்சி பிரிட்ஜை எங்கே வைத்தாள்? அடுப்படியில் இடம் இல்லாமலா கூடத்தில் வைத்தாள்? தெருவில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று வாசலுக்கு நேராக வைத்தாள். மேலே ஒரு லேஸ் துணி, அதன் மேல் பிளாஸ்டிக் மயில். உள்ளே ஒரு சொம்புத் தண்ணீரும் கனகாம்பரமும்தான் இருக்கும். யாராவது வந்தால், அவர்களுக்குத் தாகம் எடுக்கிறதோ இல்லையோ, எழுந்து போய்த் திறப்பாள். அந்த விளக்கு எரிய வேண்டும் அவளுக்கு. கழுகுமலைப் பெரியப்பா பஜாஜ் சேத்தக்குக்குப் பணம் கட்டிவிட்டு எட்டு வருடம் காத்திருந்தார். வண்டி வரவில்லை, ஆனால் பதிவுச் சீட்டு சட்டைப் பையில் இருந்தது. அந்தச் சீட்டைக் காட்டித்தான் பெரியம்மாவைப் பெண் கேட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸில் எங்கள் மேனேஜர் பையில் தினமும் ஹீரோ பேனா மின்னும். கையெழுத்துப் போட மட்டும் என்னுடைய பால்பாயிண்டைக் கேட்பார். ஒருநாள் அவர் குனிந்தபோது பேனா கீழே விழுந்தது. பேனா எங்கே? வெறும் மூடி!

நான் மட்டும் யோக்கியனா? போன ஆனியில் என் கண்ணுக்கு ஆபரேஷன் செய்தது உன் பணத்தில். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைத்தெருவில் தேவையில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றினேன். யாராவது கேட்டால்தானே 'மகன் செய்தான்' என்று சொல்ல முடியும்? நீ கோயிலுக்கு வந்தபோது கழுத்தில் கம்பெனி அட்டையைக் கழற்ற மறந்து வந்தாய். 'கழற்று' என்று அம்மா சொன்னாள். 'இருக்கட்டும்' என்று சொன்னது நான்தான்.

இதெல்லாம் இருக்கட்டும். கார் விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று சாத்தூரில் பெண்ணின் அப்பா சொன்னார், 'மாப்பிள்ளை ஓசூரில் பஸ்சுக்கு நிற்க வேண்டாம், ஒரு கார் எங்கள் பொறுப்பு' என்று. நாம் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அத்தான் தொண்டையைச் செருமினார். நீ பேசினாய். 'சன்ரூஃப் இருக்கிற மாடலா?' என்றாய்.

விளையாட்டாகத்தான் கேட்டாய், எனக்குத் தெரியும். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த மைத்துனரிடம், அதற்கு எவ்வளவு கூடும் என்று மெதுவாகக் கேட்டார். உனக்குக் கேட்டிருக்காது. எனக்கு இடது காதுதான் மந்தம். அவர் உட்கார்ந்திருந்தது வலது பக்கம்.

சன்ரூஃப் என்றால் என்ன என்று அத்தானிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் கரிசல் காட்டு வெயிலில் கூரையைத் திறந்து எதைப் பார்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. அது வேறு.

டம்ளரைப் பார்த்தேன் என்றேனே, புது எவர்சில்வர். அடியில் கடை ஸ்டிக்கர் கிழிக்காமல் இருந்தது. நமக்காக வாங்கியிருக்கிறார்கள். புறப்படும்போது வாசலில் என் செருப்பைத் தேடினேன். பக்கத்தில் அவருடைய செருப்பு. வார் அறுந்து, கறுப்புத் தோலில் வெள்ளை நூல் போட்டுத் தைத்திருந்தது. கறுப்பு நூலுக்காக இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லக்கூட அந்த மனிதருக்கு நேரமில்லை போலிருக்கிறது. இப்போது தரகர் சொல்கிறார், புறவழிச்சாலைப் பக்கம் இருக்கும் ஐந்து சென்ட் இடத்துக்கு அவர் ஆள் பார்க்கிறாராம்.

அத்தானிடம் சொன்னேன். அவராகக் கொடுப்பது அன்பளிப்புதானே, பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டப்படி குற்றமில்லை என்று வாதாடுகிறார். கொடுப்பவரின் வசதிக்கு மீறியதாக இருக்கக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த வரிவரை அத்தான் படிக்கவில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்ததும் அதே வருடம்தான்.

நடுவில் வாட்ச் எங்கே வந்தது என்று கேட்பாய். இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக் கிழித்ததே அதனால்தான்.

எனக்குக் கல்யாணம் 1989 ஆவணி. அந்தக் காலத்தில் மாப்பிள்ளை என்றால் மோதிரமும் வாட்சும். வாட்ச் என்றால் எச்.எம்.டி. ஜப்பான் சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு நம் அரசாங்கமே செய்தது. என் அப்பா காலத்தில் அதைக் கட்டியவனுக்கு டீக்கடையில் பெஞ்சில் இடம் விடுவார்கள். ஆனால் என் முறை வந்தபோது காற்று மாறிவிட்டது. டாடாவும் நம் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து, நீ இப்போது இருக்கிற அதே ஓசூரில் செய்த டைட்டன் கடைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சாவி கொடுக்க வேண்டாம், செல் போட்டால் ஓடும். தட்டையாக, தங்க நிறத்தில். எங்கள் முதலாளியின் மகன் கட்டியிருந்தான். கல்யாணப் பேச்சு நடந்தபோது, 'இப்போதெல்லாம் டைட்டன்தான்' என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுவீட்டுக்குப் போனோம். விளாத்திகுளம் தாத்தா தட்டில் வெற்றிலை பரப்பி, மேலே பெட்டியை வைத்துக் கொடுத்தார். திறந்தேன். எச்.எம்.டி. வெள்ளை முகம், கறுப்பு எண்கள், கீழே 17 ஜுவல்ஸ் என்ற எழுத்து. நான் திட்டவில்லை, தம்பி. வேறு கேட்கவும் இல்லை. 'இதுவா?' என்றேன். பெட்டியை மூடித் தட்டிலேயே வைத்தேன். தலைவலி என்று சொல்லித் திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டேன். கோழிக்குழம்பு மணம் திண்ணை வரை வந்தது. மூன்று தடவை அழைத்தார்கள். எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை சாப்பிடாத வீட்டில் யார் சாப்பிடுவார்கள்? அவ்வளவு குழம்பும் அன்று என்ன ஆயிற்றோ.

அடுத்த வாரம் தாத்தா கோவில்பட்டிக்கு வந்தார். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். துண்டில் சுற்றி டைட்டன் பெட்டி. 'கடைக்காரன் பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டான், மாப்பிள்ளை' என்றார். எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று பொய்யையும் அவரே தயார் செய்து கொண்டுவந்தார். நான் அதை வாங்கிக் கட்டிக்கொண்டேன். உட்காருங்கள் என்று சொன்னேனா என்பது நினைவில்லை.

பதினாலு வருடம் கட்டினேன். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, கணக்கு எழுதும்போது இடது கையைப் பேரேட்டின் மேல் நீட்டி வைத்திருப்பேன். ஒருநாள் முதலாளியே 'மணி என்ன, கணக்குப்பிள்ளை?' என்று கேட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

2003-ல் தாத்தாவின் பதினாறாம் நாள், உன் சின்ன மாமா வாய் தவறிச் சொன்னார். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் ஆறு வெள்ளாடு. ஆறும் உன் அம்மா குட்டியிலிருந்து வளர்த்தவை. புகுந்த வீட்டில் கொல்லை இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கொண்டுபோகலாம் என்று வைத்திருந்தாளாம். ஒன்றுக்குப் பெயர்கூட உண்டாம். என்ன பெயர் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் வாட்சைக் கழற்றி மேஜைக்குள் போட்டேன். அம்மா பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

அம்மா என்னிடம் மணி கேட்டதே இல்லை, கவனித்திருக்கிறாயா? மில் இருந்தவரை சங்கைக் கேட்டு உலை வைத்தாள். மில்லை மூடினார்கள், பள்ளிவாசல் பாங்கு, பள்ளிக்கூட மணி, வானொலிச் செய்தி என்று மாறினாள். கைக்கடிகாரத்தோடு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எதிர்வீட்டு மதினியிடம் சுவர் வழியாக 'மணி என்ன?' என்று கேட்பாள். அவளுக்கு வாட்ச் பார்க்கத் தெரியாது என்று நினைத்தேன். முப்பத்தைந்து வருடமாக அப்படித்தான் நினைத்தேன்.

போன திங்கட்கிழமை உன் ஜாதக நகலைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி அந்த எச்.எம்.டி. தாத்தா அதைக் கட்டவும் இல்லை, விற்கவும் இல்லை. எப்போது இங்கே வந்தது என்று தெரியவில்லை. சாவி கொடுத்தேன். ஓடியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. விரலால் தட்டினேன், மறுபடி ஓடியது. அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து குனிந்து பார்த்தாள். 'நாலு பத்து காட்டுகிறது. இப்போது ஐந்தே கால் இருக்கும்' என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுப்பில் பால் வைத்திருந்தாள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு திறந்து காட்டினார். 17 ஜுவல்ஸ் என்றால் நகையில் பதிக்கிற கல் என்று அந்த நாளில் நினைத்திருந்தேன். சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்கு வைக்கிற செயற்கை மாணிக்கமாம். கடுகில் பாதி இருக்கும், இளஞ்சிவப்பு. எண்ணெய்தான் காய்ந்திருக்கிறது, கல் ஒன்றுகூடக் கெடவில்லை என்றார். 2016-ல் தொழிற்சாலையை மூடிய பிறகு உன் வயதுப் பையன்கள் இதைத் தேடி அலைகிறார்களாம். ஒரு விலை சொன்னார். விற்பதற்கு இல்லை என்றேன்.

சாத்தூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறார். கார் வேண்டாம் என்று நான் சொல்வேன். ஆனால் சன்ரூஃப் கேட்டது நீ. அந்த வீட்டில் இப்போது அந்தப் பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருக்கும். நான் வேண்டாம் என்றால் சம்பந்தி மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைப்பார். சனிக்கிழமைக்குள் நீயே அவரிடம் போனில் பேசிவிடு. என்ன பேச வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். எழுத எனக்கு முகமும் இல்லை. 'ம்' மட்டும் போதாது, அவ்வளவுதான். உன் பணத்தில், உன் தவணையில் நீ கூரையே இல்லாத கார் வாங்கு. நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கையை வெளியே நீட்டிக்கொண்டு கடைத்தெரு முழுவதும் வருகிறேன்.

வாட்ச் புதன்கிழமை கிடைக்கும். செயின் போடவா, தோல் பட்டை போடவா என்று கடைக்காரர் கேட்டிருந்தார். அம்மாவிடம் கேட்டேன். தோல் பட்டை என்றாள். ஓட்டையைத் தன் கை அளவுக்குப் போடச் சொன்னாள்.

இப்படிக்கு,
அப்பா

பொடி டப்பாவை ஈரக்கையால் தொடாதே. துண்டு கட்டிக்கொள்.