நாலு வரித் திருத்தமாவது போடுங்கள்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், உடலின் செல்கள் சக்தி உண்டாக்க உதவும் என்.ஏ.டி. என்ற பொருளைக் கூட்டும் மாத்திரைகளை ஒப்பிட்டு எழுதியிருந்தீர்கள். "என்.எம்.என்., என்.ஆர். வாங்க வசதி இல்லாதவர்கள் மலிவான நியாசினை எடுத்துக்கொள்ளலாம்" என்று அதில் ஒரு வரி. எவ்வளவு, யார், யாரைக் கேட்டு என்று ஒன்றுமே இல்லை. நியாசின் என்பது வைட்டமின் பி3; மற்ற இரண்டும் அதன் உறவுப் பொருள்கள்தான்.

34 வருடம் மருந்தாளுநராக இருந்தவன் நான். நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர், அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். 500 மில்லிகிராம் நியாசின். வெறும் வயிற்றில் போட்ட அரை மணி நேரத்தில் முகம், காது மடல், மார்பு எல்லாம் செக்கச்செவேல் என்று சிவந்து எரிச்சல். நான் போனபோது மாமா பனியனைக் கழற்றிவிட்டு, ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அக்கா அழுதுகொண்டிருந்தது.

அந்தச் சிவப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், சரி. ஆனால் மாமா சர்க்கரைக்காரர். நியாசின் அளவு கூடினால் சர்க்கரை ஏறும், ஈரலுக்கும் ஆகாது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவையே சுமார் 15 மில்லிகிராம்தான். நம் ஊர் மல்லாட்டை (நிலக்கடலை) 100 கிராமில் 12 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. 500 என்பது மருந்து. அதே பி3-இன் இன்னொரு வடிவமான நிகோடினமைடு போட்டால் முகம் இப்படிச் சிவக்காது. அதுவும் மலிவுதான். உங்கள் அட்டவணையில் அதைக் காணோம்.

விலை அதிகமானவற்றுக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் எதற்கு? 2018-இல் வந்த ஆய்வில் தினம் 1000 மில்லிகிராம் என்.ஆர். கொடுத்து, 6 வாரத்தில் ரத்த அணுக்களில் என்.ஏ.டி. 60 சதவீதம் வரை கூடியது. உடல் வலு கூடியதாகத் தெரியவில்லை. 2021-இல் வந்த ஆய்வில் 25 பெண்களில் 13 பேருக்குத் தினம் 250 மில்லிகிராம் என்.எம்.என்., மற்றவர்களுக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை என்று 10 வாரம் கொடுத்தார்கள். என்.எம்.என். எடுத்தவர்களுக்குத் தசையில் இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டது, ஆனால் எடையோ ரத்த அழுத்தமோ குறையவில்லை. ரத்தத்தில் ஒரு அளவு ஏறுவது வேறு, மாடிப்படி ஏறத் தெம்பு வருவது வேறு. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

மூட்டுவலித் தைலம் பற்றி இரண்டு வருடம் முன்னால் நான் எழுதிய கடிதமும் வெளிவரவில்லை. மருத்துவப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே மாத்திரை விளம்பரம் வருவதைப் பற்றி அப்போதே கேட்டிருந்தேன். இப்போது எழுத்தையும் சிறிதாக்கிவிட்டீர்கள். என் வயதுக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கிறோம். 1981-லிருந்து உங்கள் பத்திரிகைதான் எங்கள் வீட்டில். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள்: சர்க்கரை, ஈரல், குடற்புண் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நியாசின் மாத்திரை போடக்கூடாது என்று. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். மாமா அந்தத் துண்டுத்தாளை இன்னும் தூக்கிப்போடவில்லை. சொன்னால் கேட்க மாட்டார், பத்திரிகையில் வந்தால்தான் நம்புவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.