‘விட்டுடும்மா’ என்றாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், அப்பா நடுவில் புகுந்து இரண்டு பேரையும் சமாதானம் செய்வார். சொல்ல வந்தது மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நீ கேட்டாய்: "உன்னை மதிக்காத கட்சியில எதுக்கும்மா இன்னும் இருக்கே? விட்டுடும்மா." நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். கேள்வி சரியான கேள்விதான். முப்பது வருஷமாக உன் அப்பாகூட இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

கட்சியின் பெயரை இதில் எழுதப்போவதில்லை. கடிதம் யார் கையிலாவது சிக்கினால் அடுத்த வாரமே மாவட்டத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வரும். பெயரை மாற்றிப் போட்டாலும் கதை பெரிதாக மாறாது என்பது வேறு விஷயம்.

முதலில் 2022-ல் நடந்ததைச் சொல்கிறேன். உனக்குப் பாதிதான் தெரியும். 2011-க்குப் பிறகு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாத வார்டில், சாக்கடை அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் சனம் என் வீட்டு வாசலில்தான் வந்து நின்றது. அதற்குள் உள்ளாட்சியில் பெண்களுக்கு 33 சதவீதம் என்று இருந்ததை 2016-ல் தமிழ்நாட்டில் 50 சதவீதமாக்கிவிட்டார்கள். நம் வார்டு பெண்கள் வார்டு ஆனது. நான் 1996-ல் நின்று ஜெயித்தவள், ஐந்து வருஷம் ஒரு குறையும் வராமல் இருந்தவள். இந்த முறை நமக்குத்தான் என்று நானும் நினைத்தேன், நகரச் செயலாளரும் "அக்கா, உங்களை விட்டா யாரு" என்றார். சீட் கேட்டுக் கட்சியில் விருப்ப மனு கொடுத்தேன். கட்டணம் கட்டிய ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது.

வேட்புமனுவுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 4. இரண்டு நாள் முன்பு இரவு வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. நம் வார்டுக்கு எதிரே இருந்த பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. யார் என்று விசாரித்தால், பன்னிரண்டு நாளுக்கு முன்பு அந்தப் பக்கத்திலிருந்து நம் பக்கம் தாவி வந்தவரின் மனைவி. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவே மாட்டேன். போஸ்டரில்கூட அவள் பெயரைவிட அவள் வீட்டுக்காரர் பெயர்தான் பெரிய எழுத்தில் இருந்தது. மறுநாள் என்னிடமே வந்து, "அக்கா, பாகம் எண்ணுன்னா என்னக்கா?" என்று கேட்டாள். உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். வாக்காளர் பட்டியலில் பாகம் என்ன, வரிசை எண் என்ன, எந்தத் தெரு எந்தப் பூத்தில் வரும், யார் வீட்டில் வெளியூர் ஓட்டு இருக்கிறது எல்லாம். அவள் ஜெயித்தாள்.

எனக்கு சீட் கிடைக்காதது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். அதைவிட வலித்தது, ஒருவரும் என்னைக் கூப்பிட்டு, "இந்தக் காரணத்தால் இப்படி முடிவு பண்ணியிருக்கோம்" என்று ஒரு வார்த்தை சொல்லாதது. நானாகப் போய்க் கேட்டதற்கு "தலைமை முடிவு" என்றார்கள். தலைமை என்றால் யார்? மாவட்டத்தைக் கேட்டால் மண்டலம் என்பார்கள், மண்டலத்தைக் கேட்டால் சென்னை என்பார்கள். வார்டில் ஒரு ஓட்டுகூட இல்லாத யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார். அந்தத் தாள் கையில் இருப்பவர் வேட்பாளர். சட்டமன்றத் தேர்தலில் அதை பி ஃபார்ம் என்பார்கள். எங்கள் ஆட்கள் வார்டு தேர்தலுக்கும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். மனு போட்டுவிட்டு பி ஃபார்முக்காக ராத்திரி முழுக்கக் கட்சி ஆபீஸ் திண்ணையில் காத்துக் கிடந்த பெரிய மனிதர்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

தாத்தா சொன்ன ஒன்றை உனக்கு எழுத வேண்டும். சின்ன வயதில் நீ கேட்டிருப்பாய், மறந்திருப்பாய். 1956-ல் திருச்சியில் தி.மு.க. மாநாடு நடந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. கட்சி தொடங்கி ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்பதை மேடையில் இருந்தவர்களே முடிவு செய்துவிட்டுப் போயிருக்கலாம். செய்யவில்லை. சிவப்பில் ஒரு பெட்டி, கறுப்பில் ஒரு பெட்டி வைத்து வந்தவர்களை ஓட்டுப் போடச் சொன்னார்கள். நிற்க வேண்டும் என்று 56,942 பேர், வேண்டாம் என்று 4,203 பேர். மறு வருஷம் நின்றார்கள், 15 இடம் கிடைத்தது. தாத்தா சாகும்வரை அந்த இரண்டு எண்ணையும் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். அதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் என்னவென்றால், அவர் அந்த 4,203-ல் ஒருவர்! தோற்ற பக்கம். ஆனால் அடுத்த நாளே போய்த் தேர்தல் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாராம். "என்னைக் கேட்டாங்கல்ல" என்பார். அவ்வளவுதான் அவர் சொல்லும் காரணம். (தாத்தா இருந்த கட்சியும் நான் இருக்கும் கட்சியும் ஒன்றா வேறா என்று இங்கே எழுத மாட்டேன். நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது.)

உன் ஆபீஸில் உன்னோடு வேலை செய்கிற அந்த ஜெர்மன்காரி பற்றி நீ ஒருமுறை சொன்னாயே, 2018-ல் அவளுக்குக் கட்சியிலிருந்து தபாலில் ஓட்டுச்சீட்டு வந்தது என்று. அப்போது அங்கே ஆட்சித் தலைவராக இருந்த மெர்க்கெலின் கட்சியோடு மறுபடியும் கூட்டணி அரசில் சேரலாமா என்று அவள் கட்சியான சோஷியல் டெமாக்ரட்டுகள் தங்கள் உறுப்பினர்கள் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள், 66 சதவீதம் பேர் சரி என்றார்கள் என்றாய். அவள் வேண்டாம் என்று போட்டவளாம். ஆனாலும் கட்சியை விடவில்லை. நீ அதைச் சும்மா ஒரு செய்தியாகச் சொன்னாய். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஊர்க் கட்சிகளில் கூட்டணி யாரோடு என்பது எனக்கு டிவியின் கீழே ஓடுகிற வரியில்தான் தெரியும். நேற்றுவரை திட்டிக்கொண்டிருந்தவர் மேடையில் பொன்னாடை வாங்குகிறார். மறுநாள் காலையில் தெருவில், "என்னக்கா, போன வாரம் வேற மாதிரி சொன்னீங்க" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது நான்.

சரி, ஏன் அன்றைக்குக் கேட்டார்கள், இன்றைக்குக் கேட்பதில்லை? அன்றைக்கு இருந்தவர்கள் நல்லவர்கள், இன்றைக்கு இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று அப்பா சொல்லுவார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அன்றைக்கு அவர்களுக்கு நாங்கள் தேவைப்பட்டோம். காசு உண்டியலில் வந்தது, சுவரில் எழுதியது தொண்டன், கூட்டத்துக்குக் கொட்டகை போட்டது தொண்டன். நீ ஆறு வயதில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தவள்தானே, ஃபிராக்கெல்லாம் பசை. நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கட்சி நின்றுபோகும் என்ற பயம் மேலே இருந்தது. அப்புறம் பெரிய பணம் வந்தது. 2018-லிருந்து தேர்தல் பத்திரம் என்று ஒன்றே வந்து, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஊருக்குத் தெரியாமலே கொடுக்கலாம் என்று ஆனது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னது. அதற்குள் கட்சிகள் எல்லாம் அதில் பழகிவிட்டன. வார்டு உண்டியலில் சில்லறை எண்ண யாருக்குப் பொறுமை இருக்கும்?

2021 தேர்தல் சமயத்தில் கட்சி அமர்த்திய நிறுவனத்திலிருந்து ஒரு பையன் வந்தான். டேப்லெட்டோடு திண்ணையில் உட்கார்ந்து தெருத் தெருவாகக் கேட்டான். எந்த வீட்டில் எந்தச் சாதி, யார் பேச்சை யார் கேட்பார்கள், யாருக்கு யார் மேல் மனத்தாங்கல். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். இருபத்தைந்து வருஷமாகச் சேர்த்து வைத்தது ஒன்றரை மணி நேரத்தில் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது. பத்து நாள் கழித்து வந்து, "மேடம், உங்க பூத் வீக்னு காட்டுது" என்கிறான். எது காட்டுகிறது என்றேன். "டேட்டா" என்றான். நான் சொன்னதைத்தான் எனக்கே திருப்பிச் சொல்கிறான், பாவம், அவனுக்கும் மாதச் சம்பளம்.

ஏப்ரல் 6, வாக்குப்பதிவு அன்றைக்கு விடியற்காலையிலேயே பூத்தில் கட்சி ஏஜெண்டாகப் போய் உட்கார்ந்தேன். மாதிரி வாக்குப்பதிவு ஐம்பது ஓட்டையும் எண்ணிச் சரிபார்த்து, அழித்துவிட்டார்களா என்று பார்த்து, சீல் மேல் கையெழுத்துப் போட்டு, ராத்திரி 17சி படிவத்தின் நகலை வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். மெஷினில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று எழுதியிருக்கும் தாள் அது. எண்ணுகிற நாளில் தகராறு வந்தால் அதுதான் நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி. கட்சியில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. ஆப்பில் போட்டோ ஏற்றியாச்சா என்று மட்டும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஒரிஜினல் நகல் பீரோவில், விருப்ப மனு ரசீதுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நம் எம்.எல்.ஏ.விடம் போய்ச் சொல்லலாமே என்பாய். அவர் நல்ல மனிதர். அவர் கையும் கட்டித்தான் இருக்கிறது. 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததிலிருந்து சபையில் இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி கொடுக்கும் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும். பணத்துக்குத் தாவுகிறவர்களைத் தடுக்க வந்த சட்டம், மனசாட்சியோடு எழுந்து நிற்க நினைத்தவனையும் சேர்த்து உட்கார வைத்துவிட்டது. தாவுகிறவர்கள் மட்டும் எப்படியோ தாவிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உட்கட்சித் தேர்தல் நடக்காதா என்று நீ கேட்கிறாய். காகிதத்தில் நடக்கும். கட்சியைப் பதிவு செய்ய விதிமுறைப் புத்தகம் வேண்டும், அதில் இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் என்று எழுதியிருக்கும். ஒழுங்காக நடத்தவில்லை என்பதற்காகப் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது. ஓட்டு நடந்து ஜெயித்தாலும் பிழைப்பது நிச்சயமில்லை. 1939-ல் காந்தியின் வேட்பாளரைத் தோற்கடித்துக் காங்கிரஸ் தலைவரான சுபாஷ் சந்திர போஸ் மூன்று மாதத்தில் ராஜினாமா செய்ய வேண்டி வந்தது. பெரியவர்களாவது வெளியே போய்க் கட்சி ஆரம்பிப்பார்கள். போஸ் ஆரம்பித்தார், கணக்குக் கேட்டு 1972-ல் வெளியேற்றப்பட்ட எம்.ஜி.ஆர். ஆரம்பித்தார், 1993-ல் நீக்கப்பட்ட வைகோ அடுத்த வருஷம் ஆரம்பித்தார். வார்டு மகளிரணிக்காரி கோபித்துக்கொண்டு வெளியே போனால் அடுத்த கூட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அதிலும் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

நீ மிகெல்ஸ் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னாய். அந்த ஜெர்மன் கட்சியிலேயே இருந்து நொந்துபோய், எந்தக் கட்சியானாலும் கடைசியில் சிலர் கைக்குள்தான் போகும் என்று 1911-லேயே எழுதிவிட்டார், உனக்கு ஏன் இந்த வீண்வேலை என்று. நூலகத்தில் தேடிப் படித்தேன். நீ சொல்லாமல் விட்ட பாதியும் அங்கே இருந்தது. அவ்வளவு தெளிவாகப் பார்த்த மனிதர் கடைசியில் முசோலினியின் கட்சியில் போய்ச் சேர்ந்தார். எல்லாரும் ஒன்றுதான் என்று முடிவு கட்டியவருக்கு ஒரே ஒருவர் போதும் என்று தோன்றிவிட்டதோ என்னவோ. அந்த ஒரு செய்திதான் என்னைப் பயமுறுத்தியது. என்னோடு இருந்தவர்கள் இரண்டு பேர் இப்போது அப்படித்தான் பேசுகிறார்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். புதன்கிழமை கிளைத் தேர்தல் என்று நகரச் செயலாளரின் ஆள் ஒருவர் படிவம் கொண்டுவந்தார். எல்லாம் நிரப்பியே இருந்தது. செயலாளர் பெயர், பொருளாளர் பெயர், கூட்டம் நடந்த தேதி, "ஏகமனதாக" என்ற வார்த்தை. முன்மொழிபவர் என்ற இடத்தில் என் பெயர். கூட்டமே நடக்கவில்லை. "ஒரு கையெழுத்துதானே அக்கா, போன தடவை போட்டீங்களே" என்றார். உண்மைதான், போன தடவை போட்டேன். அதற்கு முந்தைய தடவையும் போட்டேன். கட்சியில் ஜனநாயகம் இல்லை என்று உன்னிடம் புலம்பிய அதே வருஷத்தில் போட்டேன்.

"ஏகமனதாக" என்பதை அடித்தேன். என் பெயரையும் அடித்தேன். பின்பக்கத்தில் இப்படி எழுதினேன்: கிளையில் பதிவேட்டின்படி எழுபத்திரண்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு என் வீட்டு மாடியில் கூடுகிறோம், போட்டியிட விரும்புகிறவர்கள் வரலாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இதை நான் எப்படிக் கொண்டுபோய்க் கொடுக்கிறது?" என்றார். அவரையும் நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. இதுவரை பதினொரு பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள். புதிதாக வந்த அந்தக் கவுன்சிலர் பெண், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வருகிறேன் என்றாள். நகரச் செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார், நான் எடுக்கவில்லை. நீக்கினாலும் நீக்குவார்கள். அப்போது நீ சொன்னபடியே விட்டதாக ஆகிவிடும், உனக்கும் சந்தோஷம்.

ஓட்டுப் பெட்டிக்குப் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் துளை போட்டு வைத்திருக்கிறேன். அப்பாவிடம் எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நாலு மணிக்குக் கூப்பிடாதே, ராத்திரி கூப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா